அளவு சொல்லாத மானிட்டர்

மாமா படியேறி வந்தபோது முதலில் தெரிந்தது ஒரு பெரிய மானிட்டரும், அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான். மாமாவின் மீசை பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு பெரிய மானிட்டர் அது.

“எங்கே வைக்கிறது? சீக்கிரம் சொல்லுங்க, கை போகுது!”

மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் காலியாகக் கிடந்தது ஒரே ஓர் இடம்தான். அது அம்மா துணி வெட்டும் மேசை. அம்மா தையல்காரர். அந்த மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட யாரும் வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆனால் மாமாவின் கை நடுங்குவதைப் பார்த்த அம்மா, “சரி, அங்கேயே வை” என்றார்.

மாமா லாரி ஓட்டுபவர். இடம் மாறிப் போகும் ஓர் அலுவலகத்தின் சாமான்களை ஏற்றப் போயிருந்தார். “இது எதோடயும் ஒத்துப்போக மாட்டேங்குது, வேணும்னா நீங்களே எடுத்துக்கோங்க” என்று அங்கே சொன்னார்களாம். இலவசம் என்றால் மாமா விடுவாரா?

“நம்ம பொடியனுக்குத்தான் கொண்டாந்தேன்” என்றார்.

பொடியனுக்கு ஏழு வயது. கண்ணாடி போட்டாலும் அவனுக்கு எல்லாமே கலங்கலாகத்தான் தெரியும். புத்தகத்தை மூக்கில் ஒட்டி, கையில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பான். அதனால் அவன் மூக்கு நுனியில் எப்போதும் பென்சில் கரி இருக்கும். கதைப் புத்தகம் என்றால் அக்காதான் படித்துச் சொல்ல வேண்டும். அக்காவோ, ராட்சசன் கதவைத் திறக்கும் இடம் வந்ததும், “மீதி நாளைக்கு” என்று புத்தகத்தை மூடிவிடுவாள்.

அக்காவின் பட்டப்பெயர் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர். வயது பத்து. பொடியன் வேனில் தூரத்துப் பள்ளிக்குப் போவான்; அவள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கு நடந்தே போவாள்.

“இவ்வளவு பெரிய மானிட்டர்ல எழுத்தைப் பெருசாக்கினா நானே படிச்சுப்பேன். இனிமே உன்கிட்ட கெஞ்ச வேண்டியதில்ல!” என்று பொடியன் குதித்தான்.

துருவி தங்கள் பழைய கணினியில் மானிட்டரைச் சொருகினாள். அந்தக் கணினியை இயக்குவது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள். பழசுக்கு அதுதான் பாரமில்லாமல் இருக்கும் என்று அவள் பள்ளியின் கணினி டீச்சர் போட்டுக் கொடுத்திருந்தார்.

திரை பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கை பாதியில் நின்றது.

பள்ளி திறந்த அன்று மாமா தெருவிலிருந்து எடுத்த படத்தைத்தான் துருவி திறந்திருந்தாள். பொடியன் புதுச் சட்டையோடு பள்ளி வேனுக்குப் பக்கத்தில் நிற்கும் படம். அதில் வேன் பிடித்து இழுத்துவிட்டதுபோல் நீளமாகவும் சப்பையாகவும் இருந்தது. பொடியன் பூசணிக்காயாகியிருந்தான். எழுத்துகளோ மழையில் நனைந்த சுவரொட்டிபோல் கரைந்து கிடந்தன.

பொடியன் மூக்கை ஒட்டிப் பார்த்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். “இதுல நான் எங்கே?” என்று கேட்டான். பிறகு, “எனக்குத்தான் எல்லாம் கலங்கித் தெரியுதுன்னா, இதுக்குமா?” என்றான்.

துருவி அவனைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மேசையை எடுத்துக்கோங்க” என்றார் அம்மா. “திங்கட்கிழமை சீருடைத் துணி வெட்டணும். அதுக்கு மேல எனக்குத் தாங்காது.”

“அதுக்குள்ள சரியாகலன்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன். பழைய சாமான் கடையில போட்டுடலாம்” என்றார் மாமா.

துருவி பொடியனின் முகத்தைப் பார்த்தாள். “ஒரு கை பார்த்துடுறேன், மாமா” என்றாள்.

மறுநாள் பள்ளியில் கணினி டீச்சரைப் பிடித்தாள். டீச்சர் அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். துருவியும் கூடவே ஓடினாள்.

“மானிட்டரைச் சொருகின உடனே, ‘நான் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்’னு அது கணினிகிட்ட சொல்லும்மா” என்றார் டீச்சர். “அதைச் சொல்ற சின்ன சிப் உங்க மானிட்டர்ல கெட்டுப்போயிருக்கும். அது வாயைத் திறக்கல. அதனால கணினி ஏதோ ஓர் அளவை அதுவா வெச்சுக்கிச்சு.”

“அப்போ அளவை நாம சொல்லிடலாமா, டீச்சர்?”

டீச்சர் நின்றார். “சொல்லலாமே! லினக்ஸ்ல நாமே சொல்லலாம். ஆனா சரியான அளவா இருக்கணும். பின்னாடி லேபிள்ல மாடல் பேர் இருக்கும், பாரு. அதை வெச்சு அளவைத் தேடிடலாம்.”

அளவு சொல்லும் கட்டளைகளை டீச்சர் சொல்லச் சொல்ல, தாள் இல்லாததால் துருவி தன் கையிலேயே எழுதிக்கொண்டாள். மணிக்கட்டில் ஆரம்பித்தது முழங்கையில் முடிந்தது.

வீட்டுக்கு வந்து மானிட்டரைத் திருப்பிப் பார்த்தால், லேபிளை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். பிசின் மட்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

தையல்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ஓர் அளவு தெரிய வேண்டும் என்றால் என்ன செய்வாள்? அம்மாவின் டேப்பை எடுத்தாள். சட்டைக்கு அளவெடுப்பதுபோல் மானிட்டருக்கு அளவெடுத்தாள். அகலம் இருபது அங்குலத்துக்கு மேலே கொஞ்சம். உயரம் பதின்மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. 20, 13 என்று கணினியிடம் சொன்னாள்.

முடியாது என்று கணினி ஒரே வரியில் மறுத்துவிட்டது.

சனிக்கிழமை முழுவதும் இப்படியே போனது. 13, 20 என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். சென்டிமீட்டரில் சொல்லிப் பார்த்தாள். இவள் விடாக்கண்டன் என்றால் அது கொடாக்கண்டனாக இருந்தது.

ஞாயிறு காலை துருவி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பொடியனுக்குப் பொழுது போகவில்லை. வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த திரையில் பூதக்கண்ணாடியை வைத்து, மூக்கை அதில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

“அக்கா” என்றான் மெதுவாக. “இங்க வெள்ளையே இல்ல.”

“என்ன உளர்ற?”

“நிஜமா. வெள்ளைன்னு ஒண்ணு இதுல இல்லவே இல்ல. சிவப்பு, பச்சை, நீலம். சிவப்பு, பச்சை, நீலம். குட்டிக் குட்டியா, வரிசை வரிசையா. எல்லா இடத்துலயும்!”

துருவி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

உண்மைதான். வெள்ளைத் திரை என்று நினைத்தது வெள்ளையே இல்லை. கடுகைவிடச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் மூன்று நிறக் கோடுகள், நெய்த துணிபோல் நெருக்கமாக, ஒரு கோடுகூட வரிசை தவறாமல் நின்றன. கண்ணாடியை எடுத்தாள், வெள்ளை. வைத்தாள், மூன்று நிறம். மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

“அம்மா! இங்க வாங்களேன்!”

அம்மா தையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தார். “அடேயப்பா! இவ்வளவு நுணுக்கமா யாரு நெய்தாங்க?” என்றார்.

துருவிக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. கணினி தானாக வைத்துக்கொண்ட அளவு திரையின் ஓரத்தில் எழுதியிருந்தது: 1024, 768.

“அம்மா, இது அங்குலமா இருந்தா நம்ம வீடே பத்தாதே! அது கேட்கிறது அங்குலத்தை இல்ல. புள்ளியை! அகலத்துல எத்தனை புள்ளி, உயரத்துல எத்தனை புள்ளின்னு கேட்குது!”

“அப்போ எண்ணிடலாம்” என்றான் பொடியன்.

“எல்லாத்தையும் எண்ணினா எனக்குப் பல்லு விழுந்துடும்.” துருவி யோசித்தாள். “அம்மா, தையல் நெருக்கமா இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க? முழுச் சட்டையையும் எண்ண மாட்டீங்கல்ல?”

“ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல்னு பார்ப்பேன்.” சொல்லி முடிப்பதற்குள் அம்மாவின் முகமும் மலர்ந்துவிட்டது.

அரை அங்குல இடைவெளியில் இரண்டு கறுப்பு நூல்களைத் திரையில் ஒட்டினார்கள். நடுவில் இருக்கும் புள்ளிகளைத் துருவி எண்ணினாள். பத்தைத் தாண்டுவதற்குள் கண்ணில் நீர் வந்து எல்லாம் ஒன்றாகிவிட்டது. அம்மா எண்ணினார். பதினைந்தில் வழி தவறிப்போனார்.

“தள்ளுங்க” என்றான் பொடியன்.

கண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதில் அந்த வீட்டில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிறந்ததிலிருந்து அதுதானே அவன் வேலை! இன்னொரு நூலின் முனையைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினான். தினமும் “மூக்கை எடுடா” என்று சொல்லும் அம்மா அன்று, “மூக்கை எடுத்துடாதேடா, எடுத்துடாதே” என்றார்.

“நாற்பத்தேழு.”

“சரியா எண்ணினியா?”

இன்னொரு தடவை எண்ணினான். அதே நாற்பத்தேழு.

அரை அங்குலத்துக்கு நாற்பத்தேழு என்றால் ஓர் அங்குலத்துக்குத் தொண்ணூற்று நான்கு. துருவி டேப்பால் மறுபடி கவனமாக அளந்து, பெருக்கினாள். அகலம் 1913. உயரம் 1194. அதைக் கணினியிடம் சொன்னாள்.

திரை கறுத்துவிட்டது.

கணினியை அணைத்துப் போட்ட பிறகுதான் பழைய கலங்கல் படமாவது திரும்பி வந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கீழே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“பரவாயில்ல அக்கா” என்றான் பொடியன். “நீயே படிச்சுச் சொல்லு. மீதி நாளைக்குன்னு சொன்னாலும் பரவாயில்ல.”

அதைக் கேட்டதும் துருவி விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். தன்மீதே கோபம் வந்தது. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிய பக்கத்தில், கொடியில் மாமாவின் ரெடிமேட் சட்டை தொங்கியது. கை நீளம் குறைக்க அம்மாவிடம் வந்திருந்த சட்டை.

“அம்மா! மாமாவுக்கு நாற்பத்தொன்றரை அளவு. ஏன் நாற்பத்திரண்டு வாங்கினார்?”

“ரெடிமேட்ல நாற்பத்தொன்றரை ஏது? நாற்பது வரும், நாற்பத்திரண்டு வரும். பக்கத்துல இருக்கிறதை எடுத்துக்க வேண்டியதுதான்.”

“மானிட்டரும் ரெடிமேட்தானே!”

அம்மாவின் கைப்பேசியில் தேடினாள். மானிட்டர்கள் வழக்கமாக வரும் அளவுகள் வரிசையாக இருந்தன. 1913 இல்லை. 1194 இல்லை. ஆனால் இரண்டுக்கும் பக்கத்தில், ஒரே வரியில், ஜோடியாக இருந்தது: 1920, 1200.

மாமா கையில் கயிற்றோடு உள்ளே நுழைந்தார். “என்ன, கட்டிடலாமா?”

“ஒரே நிமிஷம், மாமா!”

துருவி கட்டளையை அடித்தாள். திரை கறுத்தது. பொடியன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

திரை விழித்துக்கொண்டது.

வேன் வேனாக இருந்தது. சக்கரம் வட்டமாக இருந்தது. பொடியனின் புதுச் சட்டையில் ஒவ்வொரு பொத்தானும், பொத்தானில் இருந்த ஓட்டையும் தெரிந்தன. துருவி மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தாள். இருபத்து மூன்று லட்சம் புள்ளிகள்! அத்தனையும் தத்தம் இடத்துக்குப் போய், தத்தம் நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் நாற்பத்தேழை அவர்கள் எண்ணியிருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

மாமா வாயைத் திறந்தவர் மூடவேயில்லை. கயிறு கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது.

துருவி படத்தைப் பெரிதாக்கினாள். பொடியன் திரைக்கு அருகே போய் ஓரம் ஓரமாகப் பார்த்தான். வேனைப் பார்த்தான். தன்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு மேலே, மாடி வரிசைக்குப் போனான். ஓரிடத்தில் நின்றான்.

“அக்கா, மூணாவது மாடியில யாரோ நிற்கிறாங்க. கையை ஆட்டுறாங்க. யாரு இது?”

“நான்தான்.”

“யாருக்கு ஆட்டுற?”

“உனக்குத்தான். வேன்ல ஏறுறப்போ.”

“அன்னைக்கு மட்டுமா?”

“தினமும்தான்” என்றாள் துருவி.

பொடியன் திரும்பி அவளைப் பார்த்தான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

அன்று மாலை மாமாவே ஜன்னலோரச் சாமான்களை ஒதுக்கி, ஒரு முக்காலியைப் போட்டு, மானிட்டரை அதற்கு மாற்றிக் கொடுத்தார். மேசை அம்மாவுக்குத் திரும்பக் கிடைத்தது. ராட்சசன் கதவைத் திறக்கும் கதையைத் துருவி கணினியில் தட்டச்சு செய்து, எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தாள். பொடியன் எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரைக்கும் தானே படித்தான். கதவைத் திறந்த ராட்சசன் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டான். “இதுக்கா இத்தனை நாள் என்னைப் பயமுறுத்தின?” என்று அக்காவைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை பள்ளி வேன் வந்தது. துருவி வழக்கம்போல் மாடியில் நின்று கையை ஆட்டினாள். வேனில் ஒரு காலை வைத்த பொடியன் நின்றான். திரும்பினான். அங்கிருந்து பார்த்தால் அவனுக்கு மாடியே ஒரு கலங்கல்தான், அவளுக்குத் தெரியும். அவனோ தலையை நன்றாக நிமிர்த்தி, அந்தக் கலங்கலைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

துருவி இரண்டு கைகளையும் தூக்கி, வேன் தெருமுனை திரும்பும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.