நாலு மணி நாடி

செத்துப்போனவளுக்கு நாலு மணிக்கு நாடி எழுபத்தெட்டு என்று சார்ட்டில் எழுதியிருந்தது. ராக்கம்மா அன்று மதியம் ஒரு மணி இருபதுக்கே முடிந்துபோயிருந்தாள்.

மர்சூக் ஆச்சரியப்படவில்லை. கண்டியில் பளிங்கு பதித்து மினுங்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகப் பதிவறை அவர் பொறுப்பு. காலையில் வந்ததுமே நேர்ஸ்மார் மாலை வரைக்குமான நாடி, காய்ச்சல் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். பெரிய டொக்டருக்கும் தெரியும். தொட்டுப் பார்க்காமல் எழுதுவதற்கு அங்கே கெட்டிக்காரத்தனம் என்று பெயர்.

ராக்கம்மா தெல்தோட்டையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். உள்ளே இரத்தம் கசிய மூன்று மணிநேரம் துடித்தாள். ஒரு மாதம் கழித்து, வழக்குப் போட லோயரின் கடிதத்தோடு மகன் கணேஸ் சார்ட்டின் பிரதி கேட்டுக் கதவருகே நின்றான்.

"ஐயா, அம்மா கையை நீட்டிக்கிட்டே கெடந்திச்சு. ஒருத்தர்கூட வந்து தொட்டுப் பார்க்கல. அது அதுல இருக்குமா?"

"பார்க்காம உடுவாங்களா தம்பி? போய்க் கதிரையில இருங்க. நாலு மணிக்குத் தாறன்."

அவன் போனதும், "தோட்டத்து ஆக்களுக்கும் இப்ப லோயர்," என்று சிரித்தார். அந்த நாக்கு அழுகாமல் இருந்ததுதான் அதிசயம்.

பழைய சார்ட்டுக்குப் பதிலாக வைக்கப் புதுத் தாள் எடுத்தார். அரை மணிக்கு ஒரு தடவை நாடி பார்த்ததாக, ஒரு மணியோடு நிற்பதாக, அழகான கையெழுத்தில் பொய்யை இறக்கினார். பள்ளிவாசலின் அசர் பாங்கு ஓய்ந்திருந்தது. மழை இருட்டி, பின்கட்டுப் பதிவறையின் தகரக் கூரையில் கொட்டி, பூஞ்சணம் பிடித்த கோப்புகளின் நாற்றத்தையும் டெட்டோல் வாடையையும் ஒன்றாகக் கிளப்ப, அவற்றுக்கு நடுவே எங்கிருந்தோ பச்சைக் கொழுந்தின் வாசம் வந்துகொண்டிருந்தது.

தாளைப் பார்த்தார். இரண்டு மணி, எழுபத்தெட்டு.

அதை அவர் எழுதவில்லை. எழுத்து அவருடையதுதான்.

கிழித்தார். மறுபடி எழுதினார். ஒரு மணியில் பேனையை மூடி வைத்தார். கண்ணை எடுத்து மீண்டும் பார்த்தபோது இரண்டு, மூன்று, நாலு. எல்லாவற்றிலும் எழுபத்தெட்டு.

பயந்துவிட்டார். செத்தவளைக் குறித்து அல்ல, தன் வேலை போய்விடுமே என்று. அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

மழை நின்றது. சட்டென்று.

கொழுந்து வாசம் கிட்டே வந்தது. மூச்சை அடைத்தது.

சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. கறை படிந்த விரல்கள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டி. உள்ளங்கை மேலே பார்த்தபடி, தாளின் மேல் வந்து கிடந்தது. அது காத்திருந்தது.

ஓட நினைத்தார். அவருடைய இரண்டு விரல்கள் தாமாகவே போய் அந்த மணிக்கட்டில் அமர்ந்தன. பனிக்கட்டி. உடனே கறைபட்ட விரல்கள் மடிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டன.

எழுபத்தெட்டு எண்ண வேண்டும். எண்ணி முடித்தால்தான் விடும். அது அவருக்கு நன்றாகப் புரிந்தது.

"ஐயா, நாலாச்சு," என்றான் வெளியே கணேஸ்.

மர்சூக் வாயைத் திறந்தபடி, விரலுக்கடியில் முதல் துடிப்பு வரட்டும், ஒன்று என்று சொல்லலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்.