மூன்றாவது நடைச்சோதனை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளை வேன் வந்து நிற்கும்போது, எங்கள் நொய்யல் நகர் குடியிருப்பின் கர்ப்பிணிகள் வேப்பமர நிழலில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பி பிளாக் மல்லி, சி பிளாக் ஜூலி, புதிதாகக் குடிவந்தவர்களின் கறுப்புக் கோம்பை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் அவர்களுக்குப் பக்கத்தில், கூட்டிவந்த பெண்மணிகள் யார் வயிற்றில் எத்தனை குட்டி என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். நான் முதல் மாடி பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். கீரை ஆய அங்கேதான் வெளிச்சம் சரியாக இருக்கிறது.

நிகர்நாய்ச் சட்டம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதால் இதெல்லாம் இப்போது யாருக்கும் புதுமை இல்லை. பிறவி நோய்க்கு ஜீன் மருந்து கொடுப்பதென்றால், அதே நோய் உள்ள ஒரு நாய்க்கு முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாயின் கருவை உண்டாக்கி, நோயாளியின் மரபெழுத்தில் எங்கே பிழையோ அதே பிழையை அந்தக் கருவில் பதித்து, ஆரோக்கியமான ஒரு தாய்நாயின் வயிற்றில் வைப்பார்கள். பிறப்பது அந்த நோயாளியின் நிகர்நாய். தொடக்கத்தில் எல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நடந்தது. கூண்டில் பிறந்த குட்டிகள் எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருந்ததால் எந்த அளவும் சரியாக வரவில்லையாம். அதனால் வீடுகளில் வளர்க்கக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் யாருமே நடுங்குவதில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வளர்ப்பு வீட்டுக்கு இரண்டு விதி. குட்டிக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண்தான். குட்டி எந்த நோயாளியுடையது என்று அந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது. இரண்டாவது விதியை எழுதியவர்கள் எங்கள் குடியிருப்புக்கு ஒருமுறையாவது வந்து பார்த்திருக்கலாம்.

என் எதிர் வீட்டு மோனிஷாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் கனடாவில் மகனோடு இருக்கிறார். குளிர் முடிந்ததும் வருவேன் என்கிறார், அங்கே குளிர் முடிவதாகத் தெரியவில்லை. மல்லி அவள் வளர்க்கும் நாய். மல்லிக்குக் கரு தங்கியதும் மோனிஷா ஐந்து வகைச் சாதம் கிளறி வளைகாப்பே நடத்தினாள். நாய்க்குக் கையில் எப்படிப் போடுவது என்று கழுத்துப் பட்டையில் வளையல்களைக் கோத்தார்கள். சிரித்தவர்கள் இரண்டாவது தட்டு சாதத்தையும் வாங்கிச் சிரித்தார்கள். அன்றைக்கு மோனிஷா தன் கைகளிலும் கைக்கொரு டஜன் கண்ணாடி வளையல் போட்டாள். பிறகு கழற்றவே இல்லை.

பிறந்தது ஒரே குட்டி, வெள்ளை. கழுத்து டேகில் ‘ழ-41’ என்று இருந்தது.

அந்த எழுத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் குடியிருப்பில் உலர்குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடுகிறார்களா என்று மேற்பார்வை செய்பவள் நான். யாரும் நியமிக்கவில்லை, ஒருவர் செய்ய வேண்டியதுதானே. போன வருடம் டி பிளாக் தொட்டியில் ஒரு ஆஸ்பத்திரி உறை கிடந்தது. அதன் மூலையில் ழ-41. அது லிஃப்ட் மெக்கானிக் அஸ்வத் வீட்டு உறை. அவருக்கு ஒரே மகள், செந்தாழை, பதினொரு வயது. சாயங்காலம் ஆனால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கும் பெண். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும் நோய். முதலில் மங்கலில் தெரியாது, கடைசியில் பகலிலும் தெரியாது.

குட்டிக்கும் அந்த நோய் வந்திருக்கிறதா என்பதைப் பார்க்க ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வாரங்களில் நடைச்சோதனை. வளர்ப்பு வீட்டிலேயே ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, நடையில் ஐந்து பிளாஸ்டிக் முக்காலிகளை வைத்து, குட்டியை நடக்கவிடுவார்கள். வளர்த்தவர் மறுமுனையில் பேசாமல் நிற்க வேண்டும். மூன்று வாரமும் இடிக்காமல் வந்தால் ‘நோய் வெளிப்படவில்லை’ என்று எழுதிக் குட்டியை வளர்த்தவரிடமே விட்டுவிடுவார்கள். நோயாளிக்கு அடுத்த கரு தயாராக ஒரு வருடம்.

முதல் இரண்டு வியாழனும் குட்டி எதிலும் இடிக்கவில்லை. வேனில் வரும் ரித்விக் என்ற பையன் தலையைச் சொறிந்தான்.

நான் சொறியவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர் வீட்டு நடையில் நடந்த ஒத்திகையை என் கதவின் துளைக்கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தேன். மோனிஷாவின் இடக்கை வளையல் குலுங்கினால் குட்டி இடப்பக்கம் ஒதுங்கும், வலக்கை குலுங்கினால் வலப்பக்கம். சோதனை நாளில் அவள் வாயே திறக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள், முடியை ஒதுக்கினாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போடும்போது பேச்சைத் தொடங்கினேன்.

“வளையல் ரொம்பச் சத்தம் போடுது மோனிஷா.”

“கண்ணாடி வளையல் சத்தம் போடாம பாட்டா பாடும், அக்கா?”

“இல்ல, வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் அதிகமாப் போடுதேன்னு பார்த்தேன்.”

ஈரப் புடவையை உதறிப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். “ஒரு கண்ணுல மருந்து ஊத்துவாங்களாம். நாலு மாசம் கழிச்சு ரெண்டு கண்ணையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்களாம். அப்புறம் நிகர்நாய் ஓய்வு பெறும்னு படிவத்துல போட்டிருக்கு. பென்ஷன் குடுத்தா அனுப்புவாங்க, அக்கா?”

“அந்தப் பக்கம் ஒரு நோயாளி இருக்குமில்ல?”

“இருக்கும். யாரோ. அதுக்கு அடுத்த வருசம் இன்னொரு கரு வெப்பாங்க. எம்மடியில தூங்குறது இவனுங்கக்கா.”

அந்த யாரோ யார் என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. இந்தக் குடியிருப்பில் யார் மருமகள் எப்போது பெட்டி கட்டினாள் என்பதைப் பெட்டி இறங்குவதற்கு முன்பே சொன்னவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. சொன்னால் மோனிஷாவின் மடியிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வருட வெளிச்சத்தை. ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டது எனக்கு அதுதான் முதல்முறை.

கடைசியில் நான் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கொள்ளுப்பருப்பு கடைந்தேன். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கீழே நின்றிருந்த செந்தாழையைக் கூப்பிட்டு, “மோனிஷா அத்தைகிட்டக் குடுத்துட்டு வா கண்ணு” என்றேன். அவ்வளவுதான் செய்தேன். ஐந்து நிமிடம் கழித்துக் கிண்ணத்தை வாங்கிவர நானே போனேன். எவர்சில்வர் கிண்ணம், விட்டுவைக்க முடியுமா?

நடையில் ஒத்திகை முக்காலிகள் கிடந்தன. முதல் முக்காலியில் இடித்துக்கொண்டு செந்தாழை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். குட்டி அவள் மடியில் இருந்தது. மோனிஷா கிண்ணத்தோடு சமையலறைக்குத் திரும்ப, வளையல் குலுங்கியது. குட்டி உடனே எழுந்து, ஒன்றிலும் இடிக்காமல் அவள் பின்னால் போயிற்று.

“அத்தை, இவனுக்கும் இந்நேரத்துக்குக் கண்ணு தெரியாதுங்களா?”

மோனிஷா நின்றாள். “ஏன் சாமி அப்படிக் கேக்கறே?”

“காது முன்னாடி போகுது, அப்புறந்தான் காலு போகுது. நானும் அப்படித்தான் நடப்பேன். உங்க படிக்கட்டு பதினாலு படி, ஏழாவதுல திரும்பணும்.”

“அப்பாகிட்டச் சொன்னியா?”

“முதல்ல சொல்லலை. ஸ்கூல்ல கண் டெஸ்ட் வெச்சப்ப, முன்னாடி நின்னவ படிச்ச எழுத்தெல்லாம் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட்டேன். அப்பா சந்தோசப்பட்டு பரோட்டா வாங்கிக் குடுத்தாரு.” முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “அப்புறம் ஒரு வருசம் யாருக்குமே தெரியலை. டாக்டர் திட்டினாரு. அந்த ஒரு வருசம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்குமாம்.”

மோனிஷா முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “உனக்கு ஆஸ்பத்திரில ஏதாச்சும் எண் குடுத்திருக்காங்களா?”

“ழ நாப்பத்தொண்ணு.”

குட்டியின் கழுத்து டேகை மோனிஷா கையால் மூடிக்கொண்டாள். அந்த மங்கலில் செந்தாழைக்கு அது தெரிந்திருக்காது. பிறகு நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

“இந்தாங்கக்கா, உங்க கிண்ணம்” என்றாள்.

“இவனுக்கும் மருந்து போடுவாங்களா அத்தை?” என்று கேட்டது பெண்.

“போடுவாங்க சாமி. ஒரு கண்ணுக்கு.”

மறுநாள் வேன் வந்தது. கறுப்புத் துணி, ஐந்து முக்காலி. ரித்விக் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. சொன்னாலும் போயிருக்க மாட்டேன். மோனிஷா நடையின் மறுமுனையில் வந்து நின்றாள். கைகள் மொட்டையாக இருந்தன. மூன்று மாதம் வளையல் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

குட்டியை இறக்கிவிட்டார்கள். அது நகரவில்லை. காதுகள் இரண்டும் முன்னால் மடிந்து காத்திருந்தன. ரித்விக் கடிகாரத்தைப் பார்த்தான். மோனிஷா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே நடந்தது. முதல் முக்காலியில் இடித்தது. ஒதுங்கி, இரண்டாவதில் இடித்தது. மூன்றாவதில் மூக்கு மோதியதும் அங்கேயே உட்கார்ந்து, சத்தம் வர வேண்டிய பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

“வெளிப்பட்டிருச்சுங்க” என்று ரித்விக் நிம்மதியாக எழுதினான். “ரெண்டு வாரமா என்னமோ தப்பாப் போயிட்டு இருந்திருக்குது.”

“ஓய்வுன்னா என்னங்க தம்பி?” என்று மோனிஷா கேட்டாள்.

“அது வேற செக்‌ஷனுங்க.” அவன் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் உள்ளே போய் ஒரு கைக்குட்டை மூட்டையோடு வந்தாள். “இதுல ரெண்டு டஜன் இருக்குது. அங்க அவனைப் பார்த்துக்கிறவங்களை இதைப் போட்டுக்கச் சொல்லுங்க. ஆம்பளையா இருந்தா கையில புடிச்சுக்கட்டும். இடத்தை மாத்தினா வழி தெரியாம நிப்பான்.”

“வெளிப் பொருள் எதுவும் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க.”

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ரித்விக் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் மூட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, குட்டியைத் தூக்கக் குனிந்தான். “வேண்டாமுங்க, நடப்பான்” என்றாள் மோனிஷா.

எங்கள் படிக்கட்டில் பகலிலும் இருட்டுதான். ரித்விக் முன்னால் இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் அவன் பையில் வளையல் குலுங்கியது. குட்டி ஒரு படி, ஒரு படியாகக் குதித்து, ஏழாவதில் சரியாகத் திரும்பி, பதினான்கு படியிலும் எதிலும் இடிக்காமல் அவன் பின்னாலேயே வேன் வரைக்கும் போயிற்று.

வேப்பமரத்தடிப் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, மோனிஷா வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை.