விழாத எம்சிபி

பாத்ரூம் கதவை உடைத்தார்கள்.

ஞானசேகரன் ஈரத் தரையில் கிடந்தான். வலது கை ஷவர் குழாயை நோக்கி நீண்டிருந்தது.

உயிர் இல்லை!

சிதம்பரம். காலை எட்டு மணி. கீஸரிலிருந்து ஷாக். ஆனால் ஹால் போர்டில் கீஸரின் எம்சிபி, கோளாறு வந்தால் தானே அணையும் சுவிட்ச், விழவில்லை. அதன் கறுப்பு நாக்கு மேலேயே நின்றது...

பத்து மணிக்குள் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஆரோக்கியராஜை ஜீப்பில் அள்ளி வந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவன்.

"மட்டமான எம்சிபிய மாட்டி ஆளைக் கொன்னுட்டியே" என்றார் இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு.

ஆரோக்கியராஜ் போர்டைக் காட்டினான்.

"சார்... அது ஒயரைக் காப்பாத்துறது. ஆளை இல்ல. பதினாறு ஆம்பியர் தாண்டினாத்தான் அதுக்கு உறைக்கும். மனுஷன் சாவ ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கு போதும்."

"அப்ப ஆளைக் காப்பாத்துறது எது?"

அதற்குத் தனிக் கருவி உண்டு என்றான். அதையும் மாட்டியிருந்தான். மழை பெய்தால் விழுகிறது, கழற்று என்று ஞானசேகரன்தான் போன மாதம் கழற்ற வைத்தானாம்.

எழுதி வாங்கினாயா என்று கேட்டார். இல்லை. அதையெல்லாம் யார் எழுதி வாங்குகிறார்கள்?

ரிமாண்ட் என்றார்.

கான்ஸ்டபிள் கையைப் பிடித்தார். ஆரோக்கியராஜ் கெஞ்சினான். கீஸர் பிளக்கை ஒரு தடவை திறந்து பார்க்கச் சொன்னான்.

திறந்தார்கள்.

எர்த் ஒயர் அதன் இடத்தில் இல்லை! கீஸரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்படி இடம் மாறியிருந்தது. மேலே புத்தம் புது டேப்.

"இது என் வேலை இல்ல சார்."

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."



கான்ஸ்டபிள் இறந்தவனின் செல்போனை நீட்டினார். ஒரு வாரமாக ஞானசேகரன் பார்த்தது எல்லாம் கீஸர் ஒயரிங் வீடியோ. அவன் ஷேவிங் பையில் பாதி தீர்ந்த அதே டேப்!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

சோபாவில் மனைவி சத்யப்பிரியா. கீரப்பாளையத்தில் டீச்சர். தினமும் ஐந்தரைக்கு முதல் ஆளாகக் குளிப்பவள்.

"இன்னிக்கு நீங்க ஏம்மா குளிக்கல?"

"ரெண்டாம் சனி சார். லீவு. தூங்கிட்டேன்."

பொறி வைத்தவன் காலண்டர் பார்க்கவில்லை!

திருநாவுக்கரசுக்கு மிச்சமும் புரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவனுக்கோ அவசரமாக வெளியே போக வேண்டும். கீஸர் எம்சிபியைக் கீழே தள்ளிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். அப்படியானால்...

ஆரோக்கியராஜின் கையை விடச் சொன்னார்.

"அவரு ஆஃப் பண்ணிட்டுத்தான் உள்ள போயிருக்காரு. மறுபடி யாரும்மா ஆன் பண்ணது?"

"நான்தான் சார்."

அவள் குரலில் நடுக்கம் இல்லை. கண்ணில் நீரும் இல்லை. தெரிந்து செய்தாளா, தெரியாமலா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"ஏன் பண்ணீங்க?"

சத்யப்பிரியா அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"அவரு சொல்லிக் குடுத்ததுதான் சார். எம்சிபி விழுந்து கெடந்தா ஏன்னு யோசிக்காத, மேல தள்ளிட்டு வேலையப் பாருன்னு."