அத்தைக்குக் கட்டிய பல்

அவள் முதுகில் ஒட்டியிருந்த ஒவ்வாமைச் சோதனைப் பட்டைகளை உரித்துக்கொண்டே வந்த நர்ஸின் கை பாதியில் நின்றது.

"இங்க நாங்க எதுவும் ஒட்டலையே. முன்னாடியே இருந்துச்சா?"

இடது தோளுக்குக் கீழே, வளைவாக மூன்று சிவந்த தடிப்புகள். "சொறிஞ்சிருப்பேன்," என்று அவள் அவசரமாக ரவிக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் கை அங்கே எட்டாது என்று அவளுக்கே தெரியும். என்ன செய்ய, வெட்கம் பிடுங்கித் தின்னும்போது வாய் எதையாவது உளறத்தானே செய்யும்.

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் பல்லைச் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, உரசி மெருகேற்றிக் கொடுக்க வேண்டும். அந்த விரல்கள்தான் சில மாதமாக வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தன.

பல் வார்க்கும் உலோகங்களில் ஒன்றான பலேடியம் வைத்த கட்டம் மட்டும் கொப்பளித்திருப்பதைத் தோல் டாக்டர் பார்த்தார்.

"அபூர்வமான உலோகம்மா. இது ஆகாத உடம்பு அதைவிட அபூர்வம். பயப்படாதீங்க. உரசும்போது கையுறை, முகமூடி போடுங்க. தூசி ஒட்டின துணியை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. வாயில மட்டும் எந்தக் காலத்துலயும் இதைக் கட்டிறாதீங்க. ஆகாதவங்களுக்கு வாயெல்லாம் வெந்துரும், தண்ணி கூட இறங்காது."

அவள் தலை தானாகக் குனிந்தது. இதையேதான் அத்தையும் சொன்னாள்.

அத்தை, அவள் கணவனைப் பெற்றவள். கடைவாயில் மூன்று பல் போனபோது மருமகள் இவளே வார்த்துக் கொடுத்தாள். வெள்ளைத் தங்கம் என்று உறவுக்காரர்களிடம் இவளே பீற்றிக்கொண்டாள். உள்ளே இருந்ததோ கூடத்தில் மிஞ்சிக் கிடந்த பலேடியக் கட்டி. அத்தை வந்தவர் போனவரிடமெல்லாம் வாயைப் பிளந்து காட்டினாள். பிறகு, "எரியுதும்மா, கழட்டிடேன்," என்று கெஞ்ச ஆரம்பித்தாள். கழற்றினால் குட்டு உடைந்துவிடுமே! "பழகிடும் அத்தை," என்று மருமகள் ஈறில் தேன் தடவிவிட்டாள். அத்தை சாப்பாட்டை ஒதுக்கினாள். வயசான பிடிவாதம் என்றான் மகன். ஆமாம் என்று இவளும் தலையாட்டினாள். பட்டினியிலேயே அத்தை போய்ச் சேர்ந்தாள். அந்தப் பல்லோடுதான் புதைத்தார்கள்.

சோதனை முடிந்து வந்த மாலையில், குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து குழாய் சொட்டும் சத்தத்துக்கு நடுவே அந்தத் தடிப்புகளைத் தேடிப் பிடித்தாள். நடுத் தடிப்பில் கடைவாய்ப் பல்லுக்கு இருப்பது போல நாலு மேடு, குறுக்கே ஒரு பள்ளம், ஓரத்தில் சின்னக் கீறல். வார்த்த பல்லில் அப்படிக் கீறிவிடுவது அவளுடைய பழக்கம். வேறு யாரும் செய்வதில்லை. தன் கைவேலை தன் தோலிலேயே பதிந்திருந்தது.

மறுநாள் கொண்டை ஊசி, வளையல், கொக்கி என்று உலோகம் எதையும் உடம்பில் விடாமல் கழற்றி எறிந்தாள். அப்படியும் அன்று பிடரியில் கடித்திருந்தது. அடுத்து காதுக்குக் கீழே. முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு சமைத்தாள். அத்தையின் காலி அறையிலிருந்து தேன் வாசனை வந்தது, கூடவே, பல் போன ஈறு எதையோ மெல்ல மென்று பார்க்கிற ஈரமான சத்தம். போய்ப் பார்த்தாள். கட்டில். தலையணை. யாருமில்லை.

"கழுத்துல என்ன?" கணவன் முந்தானையை விலக்கிவிட்டான்.

அவள் விலகினாள்.

"கடிச்ச மாதிரி இருக்கே. சொல்லு, என்ன ஆச்சு?"

சொல்லிவிடலாம். அவன் கோபக்காரன் இல்லை, அழுவான், அவ்வளவுதான். ஆனால் அம்மா கெஞ்சியது அவனுக்கு ஞாபகம் வரும். 'எரியுதுன்னு தெரிஞ்சேவா தேன் தடவிவிட்ட?' என்று கேட்பான். அந்தக் கேள்வியை நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வந்து சொல்றேன்," என்று குளியலறைக்குள் ஓடினாள்.

வாய் எரிந்தது. திடீரென்று. துருப்பிடித்த ருசி. எச்சில் விழுங்க முடியவில்லை.

கண்ணாடி முன்னால் வாயைத் திறந்தாள்.

இடது கடைவாய். அவள் சொந்தப் பற்கள் இருந்த இடம். அங்கே மூன்று. வெள்ளையாக. மண் ஒட்டியபடி.

விரலை விட்டு இழுத்தாள். அசையவில்லை. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது.

"கதவைத் திற! என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?"

திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அத்தனையும் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் போதும், அவனே பார்த்துவிடுவான்.

பார்த்துவிடுவான்.

உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தாள். தாடையை அவள் அசைக்கவே இல்லை. உள்ளே, மூன்று பற்களும் நிதானமாக, நெடுநாள் பசியோடு, அவள் நாக்கை மெல்லத் தொடங்கின.