ஊர் குடித்த காசு

நாணய மன்றத்தின் கூட்டம் தொடங்குமுன் உறுப்பினர்கள் ஆளுக்கொரு மூச்சடக்கி மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்கள். அதை விழுங்கினால் கூட்டம் முடியும்வரை மூச்சு பாதியாகக் குறையும். பேச்சு மந்தமாகும், விரல் நுனிகள் சில்லிடும். காற்றை மிச்சப்படுத்துவதற்கான ஏற்பாடு அல்ல இது. செவ்வாயில் காற்றுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் எப்போதோ மலையேறிவிட்டது. மனித மூச்சில் ஈரம் உண்டு. ஈரம் பட்டால் பழைய வெள்ளி சீக்கிரம் கறுக்கும். காசு கறுக்காமலிருக்க மனிதர்கள் மூச்சைக் குறைத்துக்கொள்வது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

ஊரின் பெயர் செங்குடி. பள்ளத்தாக்கின் பாறையைக் குடைந்து கட்டிய ஊர். அங்கே பிறந்தவர் எவரும் பணத்தைப் பயன்படுத்தியதில்லை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த செவிச்சில்லு ஒவ்வொருவர் வேலையையும் அளந்தது. அதே சில்லு உணவையும் தண்ணீரையும் பங்கிட்டது. கடையில் ‘எவ்வளவு?’ என்று கேட்டால் எடையைத்தான் சொல்வார்கள்.

முதல் கப்பலில் வந்தவர்கள் சொந்தப் பொருளாக ஒரு கைப்பிடி எடை மட்டும் கொண்டுவர அனுமதி இருந்தது. சிலர் விதைகள் கொண்டுவந்தார்கள். ஒரு பெண் இறந்துபோன தாயின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். சிலர் காசு கொண்டுவந்தார்கள். செல்லுபடியாகாத உலகத்துக்குக் காசைச் சுமந்து வந்த அந்தப் புத்திசாலிகளின் பேரப்பிள்ளைகள்தாம் நாணய மன்றத்தினர்.

மன்றத்தில் காசுகளுக்குத் தரம் உண்டு. அச்சடித்த நாள் முதல் யாருடைய கையிலும் புழங்காதது கைபடாக் காசு. அதுதான் உச்சம். நாலு பேர் கைமாறியது கைபட்ட காசு. சந்தையிலும் மடியிலும் புரண்டு முகம் மழுங்கியது தேய்ந்த காசு. ஒரு காசு தன் வேலையைச் செய்யச் செய்ய அதன் மதிப்பு இறங்கியது. காசின் தரப்படிதான் நாற்காலியும். கைபடாக் காசுக்காரர்கள் முன்வரிசை. தேய்ந்த காசுக்காரர்கள் சுவரோரம்.

தலைவர் குலோத்துங்கனிடம் கைபடா வெள்ளி ரூபாய்கள் ஒரு பேழை நிறைய இருந்தன. அவர் வேறெந்த வேலையிலும் பேர் வாங்கியவர் அல்ல. கூட்டந்தோறும் பேழையிலிருந்து ஒன்றைச் சிறு இடுக்கியால் எடுத்துக் காட்டுவார். உறுப்பினர்கள் குனிந்து பார்ப்பார்கள். மெதுவாகப் பெருமூச்சு விடுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அன்றும் அவர் இடுக்கியை எடுத்தபோதுதான் கதவு திறந்து பிலோமினா உள்ளே வந்தாள். ஊரின் கழிவுநீரைக் குடிநீராக்கும் நீர்மீட்பகத்தின் பொறியாளர் அவள்.

“மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள் மன்றச் செயலாளர் உண்ணாமலை.

“இல்ல.”

“அப்ப அங்கேயே நின்னு பேசுங்க. உள்ள வராதீங்க.”

பிலோமினா கதவோரம் நின்றாள். பல இரவுகள் தூங்காத முகம்.

“தண்ணியில கிருமி பரவிடுச்சு. அதைக் கொல்ற வெள்ளித் தகடு கரைஞ்சு போச்சு. புதுத் தகடு கப்பல்ல வருது, கப்பல் இன்னும் பாதி வழிகூடத் தாண்டல. மருத்துவமனையில தரையில படுக்க வெச்சிருக்காங்க. ரெண்டு குழந்தைங்க பிழைக்குமான்னு தெரியல.”

“கொதிக்க வெச்சுக் குடிக்கலாமே,” என்றார் குலோத்துங்கன்.

“புழுதிப் புயல் ஓயற மாதிரி இல்லீங்க ஐயா. சூரியத் தகடு மூடிக் கிடக்கு. வர்ற மின்சாரம் காத்து இயந்திரத்துக்கே சரியாப் போகுது.”

“எங்களால என்ன ஆகணும்?”

“வெள்ளி வேணும். இந்த ஊர்ல வெள்ளி இருக்கிறது உங்ககிட்டதான்.”

அறை அமைதியானது. மாத்திரையின் உபயத்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. குலோத்துங்கன் கையிலிருந்த ரூபாயைப் பேழையில் வைத்து மூடினார்.

“இது வெள்ளி இல்லம்மா. காசு.”

“வெள்ளிக் காசுதானே?”

“காசைப் பாத்து வெள்ளின்னு சொல்றவங்களுக்கு நான் எப்படிப் புரிய வைக்கிறது?” என்று அவர் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். முன்வரிசையும் சிரித்தது.

“எங்க தாத்தா கையுறை போட்டுத்தான் இதைத் தொடுவார்,” என்றாள் உண்ணாமலை. “அதைப் போய் சாக்கடைத் தண்ணியில போடச் சொல்றீங்க.”

இதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்றார் ஒருவர். துணைக்குழுவில் யார் யார் என்று பேச்சு எழுந்தது. இரண்டு பெயர்கள் முன்மொழியப்பட்டு அதில் சின்னதாக ஒரு மனத்தாங்கலும் உண்டானது. பிலோமினா நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது சுவரோரத்திலிருந்து சாதிக் எழுந்தார். உணவுக்குப் பாசி வளர்க்கும் பாசிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். மனைவி இறந்த பிறகு மாலைப் பொழுதைக் கழிக்க இடமில்லாமல் மன்றத்துக்கு வந்து சேர்ந்தவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளி ரூபாய். யாரோ ஒரு ராணியின் முகம் மூக்கில்லாமல் மழுங்கியிருக்கும். மேல் விளிம்பில் ஒரு துளை வேறு. அவர் தாய் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

“என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஓட்டை போட்டது. பரவாயில்லையா?”

“வெள்ளியா இருந்தாப் போதுங்க அண்ணே.”

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இடுக்கி இல்லாமல், வெறுங்கையால் அவளிடம் கொடுத்தார். கொடுத்த பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள்ளேயே விட்டுக்கொண்டார். பிலோமினா நன்றிகூடச் சொல்லாமல் ஓடினாள்.

“நல்ல காரியம்,” என்றார் குலோத்துங்கன். “மன்றத்துக்கும் அதுல பெரிய நட்டம் ஒண்ணுமில்ல.”

உண்ணாமலை தொண்டையைச் செருமினாள். “ஒரு சின்ன விஷயம் தலைவரே. விதிப்படி, காசு இல்லாதவங்க உறுப்பினரா இருக்க முடியாது.”

எல்லோரும் சாதிக்கைப் பார்த்தார்கள். தலைவர் வருத்தமாகத் தலையாட்டினார். விதி விதிதானே என்றார். சாதிக்குக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானமும், அவரை நீக்கி ஒரு தீர்மானமும் அடுத்தடுத்து நிறைவேறின. இரண்டுக்கும் கை தட்டினார்கள். அந்தச் சுவரோர நாற்காலியே சாதிக்குக்குப் பெரிய விஷயம். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தார்.

பிலோமினா அந்த ரூபாயை மின்கம்பியில் மாட்டி, நீர்த்தொட்டியில் தொங்கவிட்டாள். மெல்லிய மின்னோட்டம் பாயப் பாய வெள்ளி கண்ணுக்குத் தெரியாத துகளாக நீரில் இறங்கியது. அது போதும், கிருமிகள் செத்தன. வார்டில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த இரண்டு குழந்தைகளும் பிழைத்தன.

ஊர் மக்கள் நீர்த்தொட்டியின் கண்ணாடிச் சன்னல் முன்னால் கூட ஆரம்பித்தார்கள். உள்ளே விளக்கொளியில் அந்த ஓட்டை ரூபாய் தொங்குவதைக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் கும்பிட்டார்கள். கும்பிட ஒரு பொருள் கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதை விடுவதில்லை; செவ்வாயிலும் அப்படித்தான்.

ஒரு நாள் குலோத்துங்கனும் போய்ப் பார்த்தார். “இது யாருடையதுன்னு தெரியுமா?” என்று ஒரு சிறுமியிடம் கேட்டார். மன்றத்தின் பெயரை அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

“சாதிக் தாத்தா காசு,” என்றாள் அவள்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தைகள் சாகக் கிடந்த நாட்களில் நன்றாகத் தூங்கியவர்தான்.

அடுத்த கூட்டத்தில் அவர் ஒரு புதிய தரத்தை அறிவித்தார். அதன் பெயர் ஊர் குடித்த காசு. நீரில் கரைந்து மனிதர் உடலில் சேர்ந்த காசுதான் இனி உச்சம். கைபடாக் காசு இரண்டாம் இடம். தன் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொள்கிறாரோ என்று உறுப்பினர்கள் முதலில் திகைத்தார்கள். அவர் திட்டம் பிறகுதான் விளங்கியது. மறுநாள் காலையில் முன்வரிசை முழுவதும் பேழைகளோடு நீர்மீட்பகத்தின் வாசலில் நின்றது.

“எல்லாத்தையும் போட்டுக்கோங்க,” என்றார் குலோத்துங்கன். “எந்தக் காசு யாருடையதுன்னு சன்னல்ல பேர் எழுதிடணும். அவ்வளவுதான்.”

“வேணாங்க ஐயா. இப்ப இருக்கிற ஒண்ணே கப்பல் வர்ற வரைக்கும் தாங்கும். அளவு கூடினா வெள்ளி உடம்புல தங்கிடும். தோல் நீலம் பாரிச்சுடும், அப்புறம் போகவே போகாது.”

“அன்னிக்கு வந்து கேட்டீங்க. இன்னிக்குக் குடுத்தா வேணாங்கறீங்க.”

“அன்னிக்கு நீங்க தரல,” என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள்.

ஊர் குடிக்காவிட்டால் என்ன, வீடு குடிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர்க் குடத்தில் காசுகள் தொங்கின, மின்கலம் இணைக்கப்பட்டது. பெண்டாட்டி பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் அதையே குடித்தார்கள். யார் வீட்டுக் காசு எவ்வளவு தேய்ந்தது என்று கூட்டத்தில் ஒப்பிட்டுக்கொண்டார்கள். தேய்மானத்தைக் கேலி செய்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், தங்கள் காசு தேயவில்லையே என்று மின்னோட்டத்தைக் கூட்டி வைத்தார்கள்.

முதலில் ஈறுகள் நிறம் மாறின. பிறகு நகங்கள். பிறகு முகம், கழுத்து, கைகள். சாம்பலும் நீலமும் கலந்த நிறம். மழைமேகத்தின் நிறம் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஊரில் யாரும் மழைமேகத்தைப் பார்த்ததில்லை. உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இனி சாகும்வரை இதே நிறம்தான் என்று மருத்துவர் கைவிரித்தார். மன்றம் சில வாரங்கள் கூடவில்லை. உறுப்பினர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நடமாடினார்கள். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே வந்து சிரித்தன.

குலோத்துங்கனுக்கு ஒரு திறமை இருந்தது. தன் முட்டாள்தனத்தைப் பிறர் பொறாமைப்படும் பொருளாக மாற்றிவிடுவார். ஊர் நாள் விழாவில், முகத்துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு மேடையேறினார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காத்திருந்தார்.

“இது நோய் இல்ல,” என்றார். “எங்க தாத்தாமாருங்க முதல் கப்பல்ல கொண்டுவந்த வெள்ளி. அது எங்க ரத்தத்துல கலந்திருக்கு. வெள்ளி இருந்த வீட்டுக்குத்தான் இந்த நிறம் வரும். மத்தவங்க நினைச்சாலும் வராது.”

நினைத்தாலும் வராது என்ற சொல்தான் வேலை செய்தது. சிரித்தவர்கள் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். வெறும் பழுப்பு.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. நீல நிறத்தவருக்கு வெள்ளிமேனியர் என்று பெயர் வந்தது, பொதுமண்டபத்தில் முன்வரிசை ஒதுக்கப்பட்டது. ஒதுக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. தானாக எழுந்து இடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நீலப் பிள்ளைகளை ஆசிரியர்கள் முதலில் கூப்பிட்டார்கள். கப்பல் வந்தது, புதிய தகடு வந்தது. பிலோமினா அதைப் பொருத்தியபோது சாதிக்கின் ரூபாய் மிச்சமில்லாமல் கரைந்து போயிருந்தது. கண்ணாடிச் சன்னலுக்கு இப்போது யாரும் வருவதில்லையாதலால் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சாதிக்கின் மகள் ரிஸ்வானா பாறை ஆய்வுக் குழுவில் இருந்தாள். உண்ணாமலையின் மகன் வைரவனுக்கும் அங்கேதான் வேலை. இருவருக்கும் மனம் ஒத்துப்போயிற்று. செங்குடியில் மூன்று தலைமுறையாகப் பெண் பார்க்கும்போது யாரும் சாதி கேட்டதில்லை, மதம் கேட்டதில்லை. பூமியிலிருந்து வரும் செய்திகளைப் படித்துவிட்டு, இன்னுமா இப்படி இருக்கிறார்கள் என்று உதட்டைப் பிதுக்குவது அவர்கள் வழக்கம். சம்மதம் கிடைத்துவிடும் என்றுதான் சாதிக் நினைத்தார்.

உண்ணாமலை நீல முகத்தில் புன்னகையோடு வந்தாள். சாதிக் கொடுத்த பாசிப் பலகாரத்தைச் சாப்பிட்டாள். ரிஸ்வானாவை உட்காரச் சொல்லி, படிப்பையும் வேலையையும் விசாரித்தாள். வைரவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் எழுந்து உள்ளே போனதும் உண்ணாமலை குரலைத் தாழ்த்தினாள்.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா அண்ணே. குணமும் தங்கம்தான். நிறம்தான் கொஞ்சம் மட்டு.”

தன் ரூபாய் கரைந்த அந்தத் தண்ணீரைப் பற்றி சாதிக் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை, பெண்ணைப் பெற்றவர். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் காலையில் அவர் கடைத்தெருவில் வரிசையில் நின்றார். ‘ஆறே நாளில் வெள்ளிமேனி’ என்று ஒளிப்பலகை மின்னும் கடை. அங்கே விற்ற நீலப் பசைக்காக ஊரே நின்றது. அவருக்கு நேர் முன்னால், தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு நின்ற பெண் திரும்பினாள். பிலோமினா.

அவள் துணியை இன்னும் கொஞ்சம் முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“என் பொண்ணுக்குத்தான் அண்ணே,” என்றாள் அவள். “அடுத்த வாரம் பாக்க வர்றாங்க. வெறும் பாசிச் சாயம், வேற ஒண்ணுமில்ல. நான் சோதிச்சுப் பாத்துட்டேன். உடம்புக்குக் கெடுதல் கிடையாது.”

“நிக்குமாம்மா?”

“முகூர்த்தம் வரைக்கும் நிக்கும்.”