பேரத்தில் போன பச்சை போர்டு

அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது பள்ளி வருகைப் பதிவேட்டோடு சரி. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கறார்’தான்.

நாலு வயதில் ஊசி போட வந்த டாக்டரிடமே, “இன்னிக்கு ஒண்ணு போதும், மிச்சத்தை அடுத்த தடவை பார்க்கலாம்” என்று பேரம் பேசியவள் அவள். பாத்திரக்கடைக்காரர் மகள் வேறு எப்படி இருப்பாள்?

அந்தச் சனிக்கிழமை காலை, கறாரும் எதிர்வீட்டு மின்னலும் டி.வி. முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஜீப். திருப்புவது மின்னல். வேகமும் பிரேக்கும் கறார். மொத்தம் நாற்பது பந்தயம். முப்பத்தொன்பதில் ஜெயித்தாகிவிட்டது. பனிமலைப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி.

கேம் பெட்டி, “கர்ர்ர்... டொக்!” என்றது. கசப்பு மருந்தைத் துப்பும் குழந்தைபோல டிஸ்க்கை வெளியே துப்பியது.

“துடைச்சுப் போடு” என்றாள் மின்னல்.

துடைத்துப் போட்டார்கள். துப்பியது. ஊதிப் போட்டார்கள். துப்பியது. திட்டிக்கொண்டே போட்டார்கள். அதற்கும் துப்பியது.

வேறு நாளாக இருந்தால் மின்னல் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலுக்கு லாரி வரப்போகிறது. அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. அவர்கள் வீட்டு டி.வி.யைக்கூட அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டியாகிவிட்டது.

“வேற யார் வீட்டுப் பெட்டியிலயாவது போட்டுப் பார்ப்போமா?” என்று மெல்லக் கேட்டாள்.

“போட்டா மறுபடியும் ஒண்ணாவது பந்தயத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். நாம ஜெயிச்சதெல்லாம் இந்தப் பெட்டி வயித்துக்குள்ள இல்ல இருக்கு?” என்றாள் கறார்.

டிஸ்க் மின்னலுடையது. பெட்டி கறாருடையது. இரண்டையும் தூக்கிக்கொண்டு பாத்திரக்கடைக்கு ஓடினார்கள். கடையின் பின்கட்டில் கறாரின் அம்மா மிக்ஸி ரிப்பேர் பார்ப்பார். அந்தத் தெருவில் அவர் கை படாத மிக்ஸியே கிடையாது.

அம்மா பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த தட்டையான டிரைவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டிஸ்க்கைப் படிக்கிற கண்ணு போயிடுச்சு. பெட்டி நல்லாத்தான் இருக்கு. இதே மாதிரி இன்னொரு டிரைவ் கிடைச்சா மாட்டிடலாம்.”

அப்பா அந்தப் பழைய டிரைவை வாங்கி, அதன் முதுகில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு வாலும் வைத்தார். அது கடை ரகசியம். வெறும் வட்டம் என்றால் ‘விட்டுக்கொடுக்காதே’. வால் இருந்தால் ‘என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு தள்ளிவிடு’. கடையில் உள்ள எல்லாக் குடத்துக்கும் அடியில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

“பழசைக் குடுத்து வேற வாங்கிட்டு வா. மீதியை உன் சாமர்த்தியம் பார்த்துக்கும்” என்றார்.

கறாரின் சாமர்த்தியம் நன்றாகவே பார்த்துக்கொண்டது. பழைய பார்ட்ஸ் கடைக்காரர், கண்ணில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் ஒரு கண்ணாடியும் மாட்டியிருப்பவர். அவரிடம் அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். “இது எவ்வளவு நல்லா உழைச்ச டிரைவ் தெரியுமா, மாமா?” என்று பழையதைப் புகழ்ந்தாள். “இதுல தூசியைப் பாருங்க!” என்று அவருடையதை இகழ்ந்தாள். கடைசியில் வேலை செய்கிற டிரைவ் ஒன்றும், கொசுறாக ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரும் கைக்கு வந்தன.

வழியெல்லாம் அந்த ஸ்க்ரூடிரைவரை வாள்போலச் சுழற்றிக்கொண்டே வந்தாள்.

அம்மா புது டிரைவை மாட்டினார். டிஸ்க் உள்ளே போனது. கர்ர் இல்லை, டொக் இல்லை. மின்னல் கைதட்டினாள். அப்போது திரையில் எழுத்துகள் வந்தன: ‘இந்த டிரைவை அடையாளம் தெரியவில்லை.’

“அட, மிக்ஸிக்கு எந்த மோட்டாரை மாட்டினாலும் சுத்துமே! இதுக்கு மட்டும் என்ன அடையாளம் வேண்டிக்கிடக்கு?” என்றார் அம்மா.

அம்மா மறுபடியும் கழற்றிய புது டிரைவைக் கறார் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு பச்சை போர்டு, கட்டைவிரல் அகலத்துக்கு, நாலு திருகில் நின்றது. ஏனோ அவளுக்கு அப்பா கடையில் தொங்கும் பூட்டுகள் ஞாபகம் வந்தன. பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது.

“அம்மா, இந்த போர்டு சாவி மாதிரி இருக்குமோ? நம்ம பெட்டிக்கு நம்ம பழைய போர்டைத்தானே தெரியும்? அதைக் கழட்டி இதுல மாட்டினா?”

அம்மா திருப்புளியைக் கீழே வைத்தார். “கெட்டது கண்ணுதான். போர்டு கெடலையே! நல்ல யோசனைடீ. எங்கே அந்தப் பழைய டிரைவ்?”

கறார் கையிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாள்.

“பேரத்துல போயிடுச்சு” என்றாள் மின்னல்.

அப்பா உடனே ஆலோசனைக் கூட்டம் நடத்தினார். “அதுதான் வேணும்னு முகத்துல காட்டிடாதே. காட்டினா மனுஷன் விலையை மலைமேல ஏத்திடுவார். வேற எதையாவது விலை கேளு. நடுவுல, போனாப் போகுதுங்கிற மாதிரி அதை எடு. புரியுதா?”

புரிந்தது. இருவரும் பறந்தார்கள்.

பழைய பார்ட்ஸ் கடை வாசலில் ஒரு காயலான் கடை வண்டி நின்றது. உள்ளேயிருந்து மூட்டை மூட்டையாகத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கறார் ஒரு மேஜை விசிறியைச் சுட்டிக்காட்டினாள். “இது என்ன விலை, மாமா?”

இரட்டைக் கண்ணாடிக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலையில் தோற்ற பேரத்துக்குப் பழிதீர்க்க நேரம் வந்ததே! நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாம்மா, உட்காரு. இது சாதாரண விசிறியா? காத்து வரும்போதே தூக்கமும் வரும். இதை எங்கிட்ட வித்தவர் அழுதுக்கிட்டே வித்தார்...”

அவர் விசிறியின் வரலாற்றைத் தொடங்கினார். இரண்டாவது மூட்டை வண்டிக்குப் போனது. மூன்றாவதும் போனது. நாலாவது மூட்டையின் ஓட்டை வழியாகத் தட்டைத் தட்டையாக டிரைவுகள் எட்டிப் பார்த்தன. வண்டிக்காரர் அதைத் தோளில் ஏற்றினார்.

மின்னல் கறாரைக் கிள்ளினாள். கறார் வாயைத் திறந்தாள். அப்பா சொன்னது ஞாபகம் வந்து மூடினாள். வண்டிக்காரர் ஒரு படி இறங்கினார்.

“மாமா! எனக்கு விசிறி வேண்டாம்!” கறார் கத்தியேவிட்டாள். “அந்த மூட்டைதான் வேணும். காலையில குடுத்த டிரைவ் வேணும். அதுல இருக்கிற பச்சை போர்டு இல்லேன்னா எங்க பெட்டி ஓடாது. இவ நாளைக்கு ஊரை விட்டுப் போறா. இன்னும் ஒரே ஒரு பந்தயம் இருக்கு. எனக்கு அது ரொம்ப ரொம்ப ரொம்ப வேணும்!”

மூட்டை தோளிலேயே நின்றது. கடைக்காரர் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். ‘ரொம்ப வேணும்’னு எவனும் வந்து சொன்னதில்லை. இப்படி எடுத்த எடுப்பிலேயே எல்லாத்தையும் கொட்டிட்டா நான் எப்படிம்மா பேரம் பேசறது?”

“தெரியலை, மாமா. எனக்கும் இதுதான் முதல் தடவை.”

அவர் கையைச் சொடுக்கினார். மூட்டை இறங்கியது. அவிழ்த்தால், அச்சு அசலாக ஒரே மாதிரி நாற்பது டிரைவுகள்!

“இதுல உன்னுது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கறாரும் மின்னலும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்கள். இருபத்தேழாவதின் முதுகில் ஒரு வட்டம். வட்டத்துக்கு ஒரு வால்.

“அது என்ன கோலம்?” என்றார் கடைக்காரர்.

கடை ரகசியம். கறார் தலையைச் சொறிந்தாள். ஆனால் உண்மை ஒருமுறை வெளியே வந்துவிட்டால் நடுவில் நிறுத்துவது கஷ்டம்.

“எங்கப்பா போட்டது. ‘என்ன குடுத்தாலும் வாங்கிட்டுத் தள்ளிவிடு’ன்னு அர்த்தம்.”

“அடிப்பாவி! அப்ப அரைமணி நேரம் என் தொண்டையை வத்தவச்சு, ஸ்க்ரூடிரைவரும் வாங்கிட்டுப் போனியே!”

கறார் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அதைக்கொண்டே நாலு திருகையும் கழற்றினாள். பச்சை போர்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி டிரைவையும் ஸ்க்ரூடிரைவரையும் அவர் மேஜையில் வைத்தாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்க்ரூடிரைவரை அவள் பக்கமே தள்ளினார். “போய் அந்த போர்டை மாட்ட இது வேண்டாமா? ஓடு. ஜெயிச்சியா தோத்தியான்னு வந்து சொல்லிட்டுப் போகணும். அதுதான் விலை.”

சாயங்காலம், புது டிரைவில் பழைய போர்டு ஏறியது. திரையில் பனிமலை விரிந்தது. மின்னல் திருப்பினாள், கறார் பிரேக் போட்டாள். மூன்று தடவை பள்ளத்தில் விழுந்தார்கள். அம்மா, அப்பா, கடையில் குடம் வாங்க வந்த ஒருவர் எல்லோரும் பின்னால் நின்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நாலாவது தடவை, யார் பேச்சையும் கேட்காமல் ஜெயித்தார்கள்.

ஆட்டம் அடங்கியதும் திரையில் இன்னொரு வரி வந்தது: ‘புதிதாக நாற்பது பந்தயங்கள் திறக்கப்பட்டன.’

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மின்னல் டிஸ்க்கை வெளியே எடுத்து, துடைத்து, உறையில் போட்டு நீட்டினாள். “நீயே வச்சுக்கோ. சும்மாவே தர்றேன்.”

பிறந்ததிலிருந்து சும்மா கிடைத்த எதையும் வேண்டாம் என்று சொல்லாத கறார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாம். டிஸ்க் உங்கிட்ட இருக்கட்டும். பெட்டி எங்கிட்ட இருக்கட்டும்.”

“தனியா இதை வச்சு நான் என்ன பண்றது? பெட்டி இல்லாம இது ஓடாதே!”

“இது இல்லாம பெட்டியும்தான் ஓடாது. லீவு விட்டதும் எடுத்துட்டு வந்துடு.”

மின்னல் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “சும்மா குடுத்ததை வேண்டாங்கறே. ஜுரம் ஏதும் இல்லையே?”

மறுநாள் காலை லாரி கிளம்பியது. அது தெருமுனை திரும்புகிறவரை, ஜன்னலுக்கு வெளியே நீண்ட ஒரு கையில் அந்த டிஸ்க் வெயில் பட்டுப் பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டே போனது.