முப்பது முழ மதில்

கெடில நதியின் மீது அந்திச் செம்மை கரைந்து, நாணற்காட்டின் பின்னாலிருந்து நிலா எழுந்த அவ்வேளையில், சேடபுரிக் கோட்டை முற்றுகையின் இருபத்தைந்தாம் நாள் முடிந்துகொண்டிருந்தது. பகைவர்கள் பகலெல்லாம் மேற்கு மதிலை ஒட்டி மூன்று முழ உயரத்துக்கு மண்மேடு எழுப்புவார்கள்; இரவில் கோட்டை வீரர்கள் அதில் இரண்டு முழத்தைச் சரித்துவிடுவார்கள். மதிலின் உயரம் முப்பது முழம்.

"நாளொன்றுக்கு ஒரு முழம்தானே? முப்பதாம் நாளுக்கு முன் பகைவன் மதிலின் உச்சியைத் தொடமாட்டான். இருபத்தொன்பதாம் நாள் துணைப்படை வந்துவிடும். பெண்டு பிள்ளைகளைப் படகேற்ற வேண்டியதில்லை!" என்று அரசர் முன் முழங்கியிருந்தான் படைத்தலைவன் சேந்தன். 'இருபத்தெட்டாம் நாளே ஏறிவிடுவார்கள்' என்று பெயரில்லாமல் வந்த ஓலையை, "கோழையின் கணக்கு" என்று சிரித்தபடி விளக்கில் கொளுத்தியும் விட்டான்.

அன்பு வாசகர்களே, அத்தனை செருக்குள்ள வீரனின் கால்களும் மாலையானால் இளவரசி மானவல்லி இருக்கும் மகிழமரத்தடிக்கே சென்றன. அங்கே அவள், போர்முரசுக்கு அஞ்சிய சிறுவர்களைக் கணக்குப் புதிர்களால் மயக்கிக்கொண்டிருந்தாள்.

"வாருங்கள், தளபதியாரே! ஓர் உடும்பு ஐந்து முழச் சுவரில் ஏறுகிறது. பகலில் மூன்று முழம் ஏறும். இரவில் இரண்டு முழம் சறுக்கும். எத்தனையாம் நாள் உச்சியைத் தொடும்?"

"ஐந்தாம் நாள். இதுவும் ஒரு புதிரா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முன்பல் விழுந்த நீலி என்னும் சிறுமி எழுந்து நின்றாள்.

"மூணாம் நாளே ஏறிடும் மாமா! மேலே போன உடும்பு அப்புறம் எதுக்குச் சறுக்கணும்?"

சேந்தனும் சிரிக்க முயன்றான், முடியவில்லை. இருபத்தேழாம் இரவு சரித்த பிறகும் மண்மேடு இருபத்தேழு முழம் நிற்கும். மறுநாள் மூன்று முழம் ஏறினால் முப்பது! மதில்மேல் கால் வைத்துவிட்ட பகைவனை எந்த இரவு வந்து கீழே இறக்கும்? அவன் முகத்தில் குருதி ஏறி, காது மடல்கள் கனன்றன. எதிரே இருந்த அத்தனை சின்ன முகங்களையும் அவனால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"அந்த ஓலை..." என்றான் மெல்ல.

"நான்தான் எழுதினேன்" என்றாள் மானவல்லி.

"தங்கள் பெயரை இட்டிருந்தால் உடனே ஏற்றிருப்பேனே, தேவி!"

"ஏற்றிருப்பீர்கள், கணக்கைப் பார்க்காமலே. என் முகத்துக்காகத் தலையசைக்கும் தளபதி கோட்டைக்கு எதற்கு?"

வெட்கம் அவன் கழுத்தை வளைத்தது. "அரசரிடம் தாங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தச் சபையில்..."

"பிழை யாருடையது?"

சேந்தன் திரும்பி நடந்தான். நேரே கொலுமண்டபம் சென்றான். நூறு கண்கள் பார்த்திருக்க, வாளை உறையோடு அவிழ்த்து அரசரின் காலடியில் வைத்தான்.

"அரசே, என் கணக்கு தவறு. இன்னும் மூன்றே நாள். ஓலை எழுதியவரைக் கோழை என்றேன்; அறிவில்லாதவன் நான்தான். இன்றிரவே படகுகள் புறப்பட வேண்டும்."

"ஒரு முழக் கணக்கு தெரியாதவரா நம் தளபதி?" என்று யாரோ சிரித்தார்கள்.

"தெரியாதவன்தான்" என்றான் சேந்தன், தலை நிமிராமல். "கடைசிக் குழந்தை அக்கரை சேரும்வரை மேற்கு மதிலை விட்டு இறங்கமாட்டேன். இது என் சபதம்!"

அரசர் படகோட்டிகளை எழுப்பச் சொன்னார்.